அரக்கும் வில்லும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து இசைத்தட்டுகள் உலகெங்கும் மறுவெளியீடாக வந்துகொண்டே இருக்கின்றன. கிளென் மில்லர், டியூக் எலிங்டன், பென்னி குட்மன் ஆகியோரின் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள் 1940-களில் பதிந்தவை தூசு தட்டப்பட்டு, ஒலி துலக்கப்பட்டு, தொகுதி தொகுதியாக விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவில் 1926 முதல் 1944 வரை பதிவான ஜாஸ், நடன இசைத் தட்டுகளைத் திரட்டி 'ஜாஸ் அண்ட் ஹாட் டான்ஸ் இன் இந்தியா' என்ற தொகுப்பை ஹார்லிக்வின் நிறுவனம் கொண்டுவந்தது. தமிழிலும் பாகவதர், சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன்–மதுரம் பாடல்கள் கேசட்டாகி, குறுந்தட்டாகி, இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இவற்றைக் கேட்கிறவர் 'அந்தக் காலம் இப்படித்தான் ஒலித்திருக்கிறது' என்று எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் பாதிக்குத்தான் சரி. போர்க்காலத் தட்டுகளில் நமக்குக் கிடைப்பது, அந்தக் காலத்தின் ஒலியில் போர்க்காலப் பொருள் பங்கீடு என்ற சல்லடை கீழே விட்ட பகுதி மட்டுமே. சல்லடையில் தங்கிப்போனது எவ்வளவு என்பதை அறிய, பதிவுக்கூடங்களிலிருந்து மிகத் தள்ளியிருந்த ஓர் இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தின் தென்கோடியிலுள்ள நாஞ்சில் நாடு அதற்கு ஏற்ற இடம்.

முதலில் அந்தச் சல்லடை எதனால் ஆனது என்று பார்ப்போம். அக்காலத்து இசைத்தட்டின் மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. கிளையோடு வெட்டியெடுத்த கொம்பரக்கை இடித்துக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்தால் அவலரக்கு. அதனுடன் கல்மாவும் கரித்தூளும் சேர்த்துச் சூட்டோடு அச்சில் அழுத்தியதுதான் 78 சுற்றுத் தட்டு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கை இந்தியாவே அனுப்பிவந்தது. போர் மூண்டதும் வெடிபொருள்களுக்கு மேற்பூச்சாகவும் மின்காப்புக்கும் வார்னிஷுக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுக்காரர்களுக்குப் போகும் அரக்கில் 70 விழுக்காட்டை வெட்டியது. பழைய தட்டுகளை வீடு வீடாகத் திரட்டி, நொறுக்கி, மறுபடி உருக்கிப் புதுத் தட்டு போட்டார்கள். எந்தப் பாட்டைத் தட்டாக்குவது என்ற கேள்விக்கு அதுவரை சந்தை பதில் சொல்லிவந்தது. இனி அரசின் அனுமதிச் சீட்டும் சேர்ந்து பதில் சொல்லத் தொடங்கியது.

அமெரிக்காவில் இதோடு இன்னொரு தடையும் வந்தது. 1942 ஆகஸ்டு 1 முதல் அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம், பதிவுக்கூடங்களில் வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் விக்டரும் இணங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் பெரிய குழுக்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகள். வணிகத் தட்டுகளை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அந்த இரண்டு ஆண்டுகளும் ஏறக்குறைய வெற்றிடம். அதை நிரப்பியது ராணுவம். 1943 முதல் 'வி-டிஸ்க்' என்ற பெயரில் படைவீரர்களுக்கென்றே தட்டுகள் போடப்பட்டன. விற்பனைக்கு விடுவதில்லை என்ற உறுதியின் பேரில் சங்கம் அதற்கு மட்டும் விலக்கு அளித்தது. 12 அங்குலத் தட்டு, வினைல் கலவை, ஒரு பக்கத்தில் ஆறு நிமிடம் வரை ஓடும். 80 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் முகாம்களுக்குப் போயின. திட்டம் முடிந்ததும் ஒப்பந்தப்படி மூல அச்சுகளை அழித்தார்கள். இன்றைய மறுவெளியீடுகள் பலவும் சேகரிப்பாளர்களும் நூலகங்களும் காத்துவைத்த பிரதிகளிலிருந்து எடுத்தவை. போர்க்கால ஜாஸ் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பெரும்பகுதி, வீரர்களின் மனம் தளரக்கூடாது என்று ஓர் அரசு எண்ணியதால் உண்டானது. கலையின் தரம் ஒரு காரணம்தான். அரசின் தேவை அதற்குச் சமமான காரணம்.

இந்தியாவில் இதற்கு நேரான காட்சி கல்கத்தாவில் அரங்கேறியது. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு கிராண்ட் ஹோட்டலில் தம் குழுவோடு வாசித்தார். பர்மாவிலிருந்து ஜப்பானியருக்குத் தப்பி வந்த ரூபன் சாலமன் போன்றவர்களும் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். நகரம் முழுக்கப் படைவீரர்கள். அவர்களுக்கு நடன இசை வேண்டும். டம்டமில் கிராமபோன் கம்பெனியின் ஆலையும் பதிவுக்கூடமும் இருந்தன. 1945 ஏப்ரலில் வெதர்ஃபோர்டு காலராவில் இறந்தார். அவர் வாசித்தது நாற்பதாண்டுகள் கழிந்தும் மறுவெளியீடாக வர முடிந்தது. கலைஞர், கேட்கக் கூட்டம், கைக்கெட்டும் தூரத்தில் கூடம், தட்டுக்கு அரக்கு ஆகிய நான்கும் ஒரே ஊரில் கூடியதால் நேர்ந்த காரியம் இது. அதே டம்டம் ஆலையில்தான் தமிழ்த் தட்டுகளும் அச்சாயின். ஆனால் தமிழ்த் தட்டுக்கு வேண்டிய அந்த நான்கும் வெவ்வேறு திசைகளில் கிடந்தன.

சென்னையின் நிலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1930-களில் மவுண்ட் ரோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றுவந்தது. தென்னிந்தியப் பாடகர்கள் பாடியவை ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1939-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிச் சென்னையே காலியானது. கச்சா ஃபிலிமுக்குப் பங்கீடு வந்து, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவானது. அதுவரை நாற்பது ஐம்பது பாட்டோடு 18,000 அடி, 20,000 அடி ஓடிய தமிழ்ப் படங்கள் பாட்டையும் கதையையும் சுருக்கிக்கொண்டன. 'மானசம்ரக்ஷணம்', 'பர்மா ராணி' போன்ற போர்ப் பிரசாரப் படங்கள் அந்த நெருக்கடியில் பிறந்தவை. சுருங்கிய படத்தில் மிஞ்சிய பாட்டுகளிலும் நிச்சயம் விற்கும் என்று தோன்றியவையே தட்டில் ஏறின.

இதே ஆண்டுகளில் நாஞ்சில் நாட்டில் என்ன ஒலித்தது? தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்கள் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். கும்பப்பூ அறுவடை முடிந்து பங்குனி, சித்திரை வந்தால் ஊர்தோறும் கோயில் கொடை விழா. இசக்கியம்மன், முத்தாரம்மன், சுடலைமாடன் என்று தெய்வங்கள் பல. எல்லாக் கொடைக்கும் பொதுவானது வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, நடுவில் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலோடு அமர்வார். குடம் அடிப்பவர் பானையின் வாயில் மட்டையால் அறைய, உடுக்கும் தாளமும் கட்டையும் சேர, வலம்பாடியும் இடம்பாடியும் அண்ணாவியின் அடியை ஏற்றுத் திருப்பிப் பாடுவார்கள். காப்பு, குருவடி, வருபொருள் என்று தொடங்கி, கதை விரிந்து, வாழியில் முடியும். அந்தத் தெய்வத்தின் பிறப்பையும் வாழ்வையும் இறப்பையும் அந்தத் தெய்வத்தின் முன்னாலேயே பாடுவது இது. கொலையுண்டு தெய்வமான ஒருவரின் கதையில் சாவுக் கட்டம் நெருங்கும்போது சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். வருவதற்குத் தாமதமானால் அண்ணாவி அடிகளை நீட்டுவார். சட்டென்று வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவார். பாட்டின் நீளத்தை நிர்ணயிப்பவர் பாடுகிறவர் மட்டுமல்லர். எதிரே ஆடுகிறவரும், சுற்றி நிற்கும் ஊரும், அர்த்தசாமப் பூசையின் நேரமும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. இடையிடையே நையாண்டி மேளம் எழும்பும், வில் சற்று ஓயும், மறுபடி தொடங்கும்.

இந்தக் கலையைத் தட்டில் ஏற்றக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். பத்து மணி நேரம் பாடும் ஒரு கொடைக் கதைக்கு 200 பக்கம், அதாவது 100 தட்டு வேண்டும். தட்டொன்று ஏறத்தாழ 200 கிராம் என்று வைத்தால் 20 கிலோ. ஒரு கதைக்கு, ஒரு பிரதிக்கு மட்டும் இவ்வளவு. அரக்கை அவுன்ஸ் அவுன்ஸாக எண்ணிக் கொடுத்த காலத்தில் இதை எந்தக் கம்பெனியும் கனவிலும் எண்ணியிருக்காது. பதிவுக்கூடத்துக்குப் போவதும் எளிதன்று. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்தான். அதற்கு முன் வில்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு குழு சென்னைக்குப் போக வேண்டுமென்றால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போய் அங்கே ரயிலேற வேண்டும். போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்களே கரிவாயுவில் ஓடின. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் 1942-க்குப் பிறகு சோற்றுக்கே பஞ்சம்.

தூரந்தான் காரணம் என்று இங்கே ஒருவர் சொல்லக்கூடும். கடைக்கோடியில் கிடந்த ஊர், உலகத்தின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதானே என்பார். நாஞ்சில் நாட்டை ஒட்டிய கடற்கரையின் வரலாறே இதற்கு மறுப்பு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அந்த மணல் கடல் கடந்து ஐரோப்பாவின் எரிவாயு விளக்குத் திரிகளில் ஒளிர்ந்தது. தேவை இருந்தால் உலகம் இந்தக் கரைக்கு வழி கண்டுபிடித்தது. மணலுக்கு வாங்குவோர் இருந்தார்கள். வில்லுப்பாட்டைக் கேட்ட உழவர்கள் பாட்டுப்பெட்டி வாங்கக்கூடியவர்கள் அல்லர். அவர்களுக்கு அது தேவையுமில்லை, கலை அவர்கள் ஊரிலேயே அவர்கள் வரிப்பணத்தில் நடந்தது. கம்பெனிகள் வில்லுப்பாட்டை வெறுத்தன என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குவோர் இல்லாத ஒலி தட்டாவதில்லை என்ற வணிக விதியே போதும். போர் அந்த விதியை இன்னும் இறுக்கியது.

இந்தச் சல்லடையைத் தாண்டிவந்த பெரிய நாஞ்சில் நாட்டுக் குரல் என்.எஸ். கிருஷ்ணனுடையது. 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1936-ல் 'சதிலீலாவதி' மூலம் படத்துக்கு வந்தவர். போர் ஆண்டுகளில் வந்த 'அசோக்குமார்', 'கண்ணகி', 'மனோன்மணி', 'மங்கம்மா சபதம்', 'ஹரிதாஸ்' எல்லாவற்றிலும் அவரும் டி.ஏ. மதுரமும் உண்டு. இவற்றில் 'மனோன்மணி'க்கு நம் பேச்சில் தனி இடம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து எடுத்த படம் அது. அந்த நாடகத்தில் பாண்டியனும் சேரனும் மோதுவதே நாஞ்சில் நாட்டு மண்ணுக்காகத்தான். நாஞ்சில் நாட்டைப் பற்றிய சண்டையைச் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது. அதில் நாஞ்சில் நாட்டுக்காரர் நகைச்சுவை பாடினார். 'ஹரிதாஸ்' பாட்டுகளை இயற்றிய பாபநாசம் சிவனுக்கு வழிகாட்டியாக அமைந்த நீலகண்ட சிவனும் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர்தான். நாஞ்சில் நாட்டு மரபின் சில நீரோட்டங்கள் இப்படித் தட்டுக்குள் சேர்ந்திருக்கின்றன. இதை மறைத்துவிட்டு வாதம் செய்வது முறையன்று.

ஆனால் எந்த வடிவில் சேர்ந்தன என்பதே கேள்வி. கிருஷ்ணனின் பெரிய கண்டுபிடிப்பு, கதையோடு ஒட்டாமல் தனியாகக் கழற்றியெடுக்கக்கூடிய நகைச்சுவைப் பகுதி. இரண்டு பேர், ஒரு வாக்குவாதம், ஒரு சிரிப்பு, நடுவே ஒரு கருத்து, மூன்று நிமிடத்தில் முடிவு. பேச்சும் பாட்டும் கலந்து, கேள்வி கேட்பவர் ஒருவர், 'ஆமாம்' போட்டு எதிரடி எடுப்பவர் ஒருவர் என்று அமைந்த அந்த முறையில், அண்ணாவிக்கும் இடம்பாடிக்கும் நடக்கும் பரிமாற்றத்தின் சாயலை நான் கேட்கிறேன். கொடைக் களத்தில் மணிக்கணக்கில் விரிந்த ஒரு பழக்கம், தட்டின் பக்கத்துக்கும் 11,000 அடிக்கும் அடங்கும்படி சுருங்கித்தான் உலகத்தைச் சேர்ந்தது. பெரிய ஜாஸ் குழுக்களுக்கும் இதே விதி நேர்ந்தது. நடன அரங்கில் பதினைந்து நிமிடம் நீளக்கூடிய ஓர் உருப்படியைத் தட்டுக்காக மூன்று நிமிடமாக வெட்டினார்கள். அவர்களுக்கு வானொலி நேரடி ஒலிபரப்பின் பதிவுகள் பின்னால் கைகொடுத்தன. நீண்ட வாசிப்பு எப்படி இருந்தது என்பதை மறுவெளியீட்டுத் தொகுப்புகளே பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றன. கிருஷ்ணனுக்கு அப்படி ஒரு மறுபக்கம் இல்லை. 1943 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் சமஸ்தானத்தின் வானொலி தொடங்கியது. காந்த நாடா இந்தியாவுக்கு வராத அந்த நாளில் பாடப்பட்டது பாடப்பட்டபடி காற்றோடு போயிற்று.

1944 டிசம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனும் பாகவதரும் கைதானார்கள். தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது, அதில் பாடிய இருவரும் வெளியில் இல்லை. 1947 ஏப்ரலில்தான் விடுதலை. ஆக, கிருஷ்ணனின் போர்க்காலப் பாட்டு என்பது போர் முடிவதற்கு முன்பே நின்றுபோன ஒன்று. வில்லை அவர் சென்னை மேடைக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைத் தேடிப் பிடித்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக வில்லுப்பாட்டை உலகத் தமிழருக்குத் தெரியவைத்த சுப்பு ஆறுமுகத்தின் வழி அங்கிருந்து தொடங்கியது. அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அப்படியானால் நகரத்துக்கு வில்லைக் கொண்டுவந்தபின் குறை என்ன, கலை தப்பிவிட்டதே என்று கேட்கலாம். கிருஷ்ணன் செய்தது பெருங்காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கொடைக் களத்துக்குள் மட்டும் இருந்த ஒரு வடிவம் சமூகச் சீர்திருத்தத்துக்கும் தேசத்துக்கும் பேசும் கருவியாக மாறியது அவரால்தான். ஆனாலும் மேடை வில் வேறு, கொடை வில் வேறு. மேடையில் கோமரத்தாடி இல்லை, பூசை நேரம் இல்லை, சாவைப் பாடி ஒருவரை எழுப்பும் பொறுப்பு இல்லை. மேடை வில்லின் பதிவை வைத்துக் கொடை வில்லை ஊகிக்க முடியாது.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. தட்டின் நீளந்தான் தடை என்றால், நாடக செட்டுகள் எப்படி வந்தன? 'கோவலன்', 'நந்தனார்', 'வள்ளி திருமணம்' போன்ற கதைகள் பல தட்டுகளாகச் சேர்த்து விற்கப்பட்டன அல்லவா? உண்மை. நீண்ட கதையைத் துண்டு போட்டுப் பதிவது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியமாக இருக்கவில்லை. இந்த வாதம் என் பக்கத்துக்கே துணையாகிறது. நீண்ட நாடகத்தைக் கூட நாடகக் கம்பெனிகளின் பெயர் தெரிந்த நடிகர்கள் பாடும்போது, நகரங்களில் வாங்க ஆள் இருக்கும்போது, தட்டாக்க முடிந்தது. வி-டிஸ்க் விஷயத்தில் பொருளே மாறி, தட்டே பெரிதாகி, நேரமே இரட்டித்தது. மூன்று நிமிடம் என்பது இயற்கையின் விதியன்று. யாருக்காக எவ்வளவு பொருள் செலவிடலாம் என்ற முடிவின் அளவு. அந்த முடிவை எடுத்தவர்கள் முன்னால் முத்துப்பட்டன் கதை, தோட்டுக்காரி அம்மன் கதை போன்ற வில்லுக் கதைகள் வந்து நின்றதில்லை.

பதியாததே நன்மை என்போரும் உண்டு. தட்டில் ஏறிய பாட்டு ஒரே வடிவில் உறைந்துவிடும். ஏறாததால் வில்லுப்பாட்டு உயிரோடு மாறிக்கொண்டே இருந்தது என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் நாகர்கோவில் வட்டாரத்துக்கு வந்தபோது கொடைகளும் குழுக்களும் நிறையவே இருந்தன. பிறப்பையும் இறப்பையும் பாடும் கலை என்று அவர் 1988-ல் எழுதிய நூல் அந்தச் செழிப்புக்குச் சான்று. கலை வாழ்ந்தது சரி. 1940-களின் அண்ணாவிகள் எந்த வேகத்தில் பாடினார்கள், எந்த மெட்டுகளை வைத்திருந்தார்கள், மைக் வருவதற்கு முன் குடத்துக்கும் குரலுக்கும் எந்த அளவு ஒத்திசைவு இருந்தது என்பவற்றை அந்தச் செழிப்பு சொல்லாது. பின்னாளில் சினிமா மெட்டுகள் வில்லுக்குள் நிறையப் புகுந்தன. எது பழைய மெட்டு, எது தட்டிலிருந்தும் மைக் செட்டிலிருந்தும் வந்தது என்று பிரித்தறிய ஒப்பிட்டுப் பார்க்கும் பழம்பதிவு வேண்டும். மாற்றம் உயிர்த்துடிப்பின் அடையாளம் என்பவர்களாலும், மாறுவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மாற்றத்தையே பேச முடியும்.

கதைகளின் சொற்கள் மட்டும் வேறு வழியில் தப்பின. ஓலை ஏடுகளிலும் நோட்டுப் புத்தகங்களிலும் அண்ணாவிகள் அவற்றை வைத்திருந்தார்கள். ஆய்வாளர் நா. வானமாமலை 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை முதலியவற்றைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டுக் கதைகளை அ.கா. பெருமாள் பல ஆண்டுகளாகத் திரட்டி அச்சேற்றிவருகிறார். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் போர் இன்றும் படிக்கக் கிடைப்பது இந்த வழியில்தான். பனையோலைக்குப் பங்கீடு கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் ஏறக்குறைய நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு போரின் சொல் நம்மிடம் இருக்கிறது. எண்பது ஆண்டுக்கு முந்தைய உலகப்போரின் நடுவே அதே கதையை நாஞ்சில் நாட்டில் பாடிய குரலைக் கேட்க வழியில்லை.

மறுவெளியீடு செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உடைந்த தட்டுகளைத் தேடிப் பிடித்து, பாடியவர், பதிந்த நாள், அச்சு எண் என்று குறித்து வைப்பவர்கள் செய்வது அருந்தொண்டு. ஓடியன் தட்டுகளை எண்ணிம வடிவில் காத்துவைக்கும் பணி பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தால் நடந்திருக்கிறது; தென்னிந்திய இசையின் வரலாறு அதற்குக் கடன்பட்டது. ஆனால் தொகுப்பின் முன்னுரையில் ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும் என்கிறேன். அந்த ஆண்டில் எவ்வளவு அரக்கு கிடைத்தது, எந்தக் கூடம் திறந்திருந்தது, யாருக்கு விலக்கு கிடைத்தது, எந்தெந்தக் கலைகள் கூடத்தின் வாசலுக்கே வரவில்லை என்பவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: ஒலியைத் துலக்கும்போது கரகரப்பை முழுக்கத் துடைத்துவிடுகிறார்கள். மறுபடி உருக்கிய அரக்கில் அச்சான போர்க்காலத் தட்டு அதிகமாக இரையும். அந்த இரைச்சல்தான் தட்டின் மேல் போர் விட்டுச்சென்ற நேரடித் தடயம். துலக்கிய வடிவத்தோடு துலக்காததையும் சேர்த்துத் தருவது இன்று பெரிய செலவில்லை.

1940-களின் கொடையை இனி மீட்க முடியாது. ஆனால் அதன் மாணவர்கள் பாடியது மீட்கும் தூரத்தில் இருக்கிறது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கியது முதல் வில்லுப்பாட்டை ஒலிபரப்பிவந்திருக்கிறது. கேசட் வந்த பிறகுதான் முதன்முறையாக நீண்ட நேரம் இடையறாமல் பதியும் கருவி ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. அரக்கும் கம்பெனியும் அனுமதிச் சீட்டும் இல்லாமல், கொடை நடந்த இடத்திலேயே, கோமரத்தாடியின் குரலும் ஊரின் குலவையும் சேர்ந்து பதிவான நாடாக்கள் அவை. 1940-களில் இளம்வயதில் இடம்பாடியாக இருந்தவர் 1970-களில் அண்ணாவியாக முதிர்ந்திருப்பார். அவர் குரலில் அந்தப் பழைய வேகத்தின் ஒரு பங்காவது இருக்கும். காந்த நாடா நம் ஊர்க் கடல் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சில பத்தாண்டுகளில் பாழாகிவிடும். நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் கோயில் நிர்வாகங்களிலும் மைக் செட்டுக்காரர்களிடமும் கொடைக் கேசட்டுகள் இருந்தால், அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஊர், கோயில், ஆண்டு, அண்ணாவியின் பெயர் ஆகியவற்றை உறையின் மேல் எழுதிவையுங்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை வளர்த்தெடுத்த கல்லூரி. அங்கோ, பக்கத்திலுள்ள வேறு கல்லூரித் தமிழ்த்துறையிலோ கொண்டுபோய்க் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.